ஒரு மத்தியானத்துக்கு மட்டும்

வெள்ளிக்கிழமை மாலை
யோகன்னெஸின் கணக்கை அழித்தது நான்தான்.
ஆள் வேலையை விட்டுப் போய் நான்கு வருடம்.
டென்மார்க்கில், எஸ்பியேர்க்கில்,
காற்றாலை ஏறிப் பழுதுபார்க்கிறான்.
இல்லாதவனுக்கு எதற்கு ஓர் இடம் என்று
ஒரே கட்டளை, ஒரு தட்டு.
பிறகு வீட்டுக்குப் போய்
ஆட்டுக்கறி சூப் குடித்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

திங்கள், விடிவதற்கு முன்.
ஆய்வுக் கப்பல் புறப்பட இரண்டு மணி நேரம்.
மீன்கூட்டத்தை எதிரொலியால் எண்ணும் நிரலில்
ஒரே ஒரு எண்ணைத் திருத்தி
பில்டை ஓட்டினேன்.
தோர்ஷவ்ன் துறைமுகத்தில்
மழை கிடைமட்டமாகப் பெய்துகொண்டிருந்தது.
திரையில் சிவப்பாக:
கிடைக்கவில்லை.

அது எப்படித் தேடும் என்று எனக்குத் தெரியும்.
முதலில் தன் ஞாபகத்தையே கேட்கும்.
அங்கே ஒரு விலாசம் இருந்தது;
போய்ப் பார்த்தது. மனையே இல்லை.
சரி, யாராவது கையில் குறிப்பு எழுதிக் கொடுத்தார்களா?
இல்லை.
அப்புறம் யூஸர் தெரு, அதற்குள் லோக்கல் சந்து,
ஊர்க்கோடியில் ஆப்ட் புறம்போக்கு,
லிப் என்று ஒரு வாசல்,
லிப் அறுபத்துநான்கு என்று பக்கத்திலேயே இன்னொன்று.
வாசல்தோறும் ஒரே விசாரிப்பு:
இந்தப் பெயரில் இங்கே யாராவது?
பதிப்பு இரண்டுக்குக் குறையாமல்?
ஓரிடத்தில் பெயர் பொருந்தியது.
பதிப்பு ஒன்று புள்ளி ஒன்பது.
கும்பிட்டுவிட்டு நகர்ந்தது.

முந்நூறு வாசல், அரை விநாடி.
வாய்தவறிக்கூட
'இருக்கும், நல்லாப் பாருங்க' என்று சொல்லாது.

அந்த ஞாபகத்தைத் திறந்து படித்தேன்,
ஒன்பது வருடமாய் ஒருவரும் படிக்காத வரி:
ஹோம், யோகன்னெஸ், ஃபிரிபில்ஸ்.
ஃபிரிபில்ஸ் என்றால் எங்கள் ஃபரோயிய மொழியில்
தற்காலிகம்.

பதினொரு பேர் இங்கே.
தினமும் எங்கள் ஒவ்வொருவரின் பில்டும்
அவன் வீட்டுக்குள் செருப்போடு புகுந்து
எடுத்து வந்திருக்கிறது.
அவன் போன பிறகும்.
பச்சை எழுத்தில் 'கிடைத்தது' என்று வந்தால்
எங்கே என்று கேட்பவர் யார்?

அவனை எழுப்பினேன்.
'அதுவா!' கொட்டாவிக்கு நடுவே சிரித்தான்.
'ஒரு மத்தியானத்துக்கு மட்டும் வைத்தேன், ரன்வா.
உரிய இடத்தில் வைக்க அட்மினின் கடவுச்சொல் வேண்டும்.
அட்மின் அன்றைக்கு லீவு.'

அட்மின் நான்.
அது மார்யுன் பிறந்த வாரம்.
இப்போது அவள் மூன்றாம் வகுப்பு,
மேல்பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டது.

காப்புப்பிரதி இருக்கும் கட்டடம் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
கப்பலின் பழைய வன்தட்டில்
லைப்ரரியின் மூலநிரல் மட்டும் அகப்பட்டது.
கம்பைலரை விட்டேன்.
எச்சரிக்கைகள் நூற்றுப்பதினான்கு. பிழை இல்லை.
காப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

இனி அதை வைக்க ஓர் இடம்.
முறைப்படி என்றால்
பொட்டலமாக்கி, பெயரிட்டு, பதிப்பு எண் குத்தி,
பதினொரு கணினிக்கும் அனுப்பி,
வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி.
முறை நல்லதுதான். எழுதியது நானே.

மேல்தளத்திலிருந்து ஹோக்னி கத்தினான்:
'கயிறை அவிழ்க்கலாமா, இல்லையா?'

'ஐந்து நிமிடம்!' என்றேன்.
என் பெயரில், என் இடத்தில்,
புதிதாக ஒரு கோப்புறை திறந்தேன்.
என்ன பெயர் என்று கேட்டது.
விரல் யோசிக்கவில்லை.

ஃபிரிபில்ஸ்.

பில்டை மறுபடி ஓட்டினேன்.
முதலில் தன் ஞாபகத்தைக் கேட்டது, இடிந்த விலாசம்.
பிறகு என் குறிப்பைப் படித்தது.
கதவு தட்டியது.

கிடைத்தது.

எஞ்சின் உறுமத் தொடங்கியது.
ஓடிப்போய் மேலே சொன்னேன்.
புதன்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று
மஞ்சள் தாளில் எழுதி
திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
ஈரக்காற்று.
பசை பிடிக்கவில்லை.